தூத்துக்குடியில் வாடகை வீடு: எல்லாம் சொன்னார்கள், தண்ணீரைத் தவிர

தூத்துக்குடியில் தரைத்தள வீடு பார்க்கப் போகிறீர்களா? ஹாலைப் பார்க்காதீர்கள், காற்றோட்டத்தைப் பார்க்காதீர்கள். முதலில் சுவரை இடுப்பு உயரத்தில் பாருங்கள். அதற்குக் கீழே பெயின்ட் புதுசாகவும் மேலே பழசாகவும் இருந்தால் மிச்சக் கதையை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லவும் மாட்டார்கள்.

பழைய வீட்டை விற்றாகிவிட்டது. அக்கா வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் அம்மாவுக்கு ஒரு வீடு பார்த்துவிட்டு டொராண்டோ திரும்ப வேண்டும். லீவில் வந்த வேலை இவ்வளவுதான். தரகர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார்கள், பைக்கில் கூட்டிப் போகிறார்கள், அதிலெல்லாம் குறை இல்லை.

ஒரு வீடு மனசுக்குப் பிடித்தது. வாசலில் வேப்பமரம், பின்னால் துவைகல், கடல் உப்பு அரித்த கேட். உரிமையாளர் பெரியவர். டொராண்டோவில் வீடு கேட்டால் கிரெடிட் ஸ்கோர், சம்பளக் கடிதம் என்று ஒரு கட்டுக் காகிதம் கேட்பார்கள். நான் யார் பேரன் என்பது யாருக்கும் தேவையில்லை. இவர் காகிதமே கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் என் தாத்தா எந்த உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார் என்பது வரைக்கும் போய்விட்டார். “அவர் பேரனா நீ!” என்று வாடகையில் 500 ரூபாய் குறைத்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

அப்புறம்தான் பிளக் பாயின்டைக் கவனித்தேன். எல்லா அறையிலும் நெஞ்சு உயரத்தில். ஃபிரிட்ஜ் வைக்கிற இடத்திலும் அப்படியே.

“ஏன் அண்ணாச்சி இவ்வளவு மேலே வச்சிருக்கீங்க?”

“சின்னப் பிள்ளைங்க கை வச்சிரக்கூடாதுல்லா” என்றார் தரகர்.

மீட்டர் பெட்டியும் படிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தது. சின்னப் பிள்ளைகள் மீட்டரில் என்ன செய்யப் போகிறார்கள்?

நேராகவே கேட்டேன். “2023 டிசம்பர்ல இங்க தண்ணி வந்துச்சா?”

“ஊருக்கே வந்துச்சே தம்பி” என்றார் பெரியவர்.

“வீட்டுக்குள்ள?”

“வாசல்ல நின்னுச்சு.” தரகர் உடனே, “ஒரே நாள்ல வடிஞ்சிட்டு” என்று சேர்த்தார்.

பக்கத்து வீட்டு ஆச்சி மதில் மேல் கையை ஊன்றி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கையைத் தன் இடுப்பில் வைத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார். சுவரில் பெயின்ட் மாறுகிற இடமும் அதே உயரம்தான்.

பெரியவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மனசு வரவில்லை. அந்த டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. ஊரே மூழ்கும்போது, அது தன் வீட்டின் குறை என்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. டொராண்டோ மட்டும் என்ன வாழ்ந்தது? 2024 ஜூலையில் ஒரு நாள் 10 சென்டிமீட்டர் கூடப் பெய்யவில்லை, டான் வேலி நெடுஞ்சாலையில் கார்கள் மிதந்தன. பேஸ்மென்டை வாடகைக்கு விடுகிறவர் அங்கேயும் தானாக வாய் திறப்பதில்லை. ஆனால் எண்பது வயது அம்மாவைத் தனியாக வைக்கப் போகிறேன் என்று தெரிந்த பிறகும் ‘வாசல்ல நின்னுச்சு’ என்றதுதான் எனக்கு ஆறவில்லை. தாத்தாவைத் தெரிந்தவர் வேறு.

முன்பணம் ஆறு மாதம் கேட்டார். ஒன்டாரியோவில் ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்க முடியாது. நம் ஊரிலும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் போடாத பட்சத்தில், மூன்று மாதத்துக்கு மேல் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் சொல்கிறது. சொல்லிப் பார்த்தேன். “அதெல்லாம் மெட்ராசுக்கு தம்பி” என்று சிரித்தார். காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அந்த ஆச்சியிடமே போய்க் கேட்டேன். இரண்டு தெரு தள்ளி அவர் தம்பி வீட்டு மாடி காலியாக இருந்தது. மூன்று மாத முன்பணம். போர் தண்ணீர் உப்புதான், குடிக்கிற தண்ணீரைக் கீழே பிடித்து மேலே கொண்டுவர வேண்டும், படிகளைப் பார்த்து அம்மா இன்னும் முணுமுணுக்கிறார். சரி, ஆள் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது தரகர் தினமும் அக்காவுக்கு போன் போட்டு ஒரு மாத வாடகை கமிஷன் கேட்கிறார். அவர் காட்டாத வீட்டுக்கு எதற்குக் கமிஷன் என்று அக்கா கேட்டிருக்கிறாள். “அந்த ஆச்சி வீட்டுப் பக்கம் தம்பியைக் கூட்டிட்டுப் போனது யாரு?” என்றாராம்.