கோவாவில் ஸ்கூட்டர் எடுக்கிறவர்களே, முதலில் நம்பர் பலகையைப் பாருங்கள்

கோவாவில் வாடகைக்கு ஸ்கூட்டர் எடுப்பதாக இருந்தால், வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் நம்பர் பலகையைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் அது வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் யாரோ ஒருவருடைய சொந்த வண்டி. அதை வாடகைக்கு விடுவது சட்டத்துக்குப் புறம்பானது. விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைக்காமலும் போகலாம். இது தெரியாததால் எனக்குப் பணமும் போனது, மானமும் போனது. மானம்தான் முதலில் போனது.

அதற்கு முன்பே ஒரு அடி வாங்கியிருந்தோம். அதில் யாரும் எங்களை ஏமாற்றவில்லை, நாங்களேதான். விமான டிக்கெட் எடுத்தது என் மைத்துனன். "அத்தான், இந்த விமானத்தில் ஆளுக்கு 300 ரூபாய் குறைவு" என்றான். மூன்று பேருக்கு 900 ரூபாய் லாபம் என்று நானும் தலையாட்டினேன். கோவாவில் இப்போது இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. வாஸ்கோ பக்கத்தில் இருக்கும் தபோலிம் பழையது. 2023 ஜனவரியில் விமானங்கள் இறங்கத் தொடங்கிய மோபா, வட கோடியில் மகாராஷ்டிர எல்லையை ஒட்டி இருக்கிறது. டிக்கெட்டில் தபோலிமுக்கு ஜிஓஐ என்றும் மோபாவுக்கு ஜிஓஎக்ஸ் என்றும் போட்டிருக்கும். நாங்கள் அறை எடுத்திருந்த பாலோலிமோ தென் கோடியில், காணகோணா தாலுகாவில். மோபாவில் இறங்கினால் மாண்டவி, ஜுவாரி என்று இரண்டு ஆறுகளையும் கடந்து, மடகாவ் நகரத்தையும் தாண்டி, மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக வேண்டும். ஓலாவும் ஊபரும் கோவாவில் கிடையாது. 2018இல் வந்த கோவாமைல்ஸ் செயலி இருக்கிறது, அல்லது முன்பணம் கட்டும் டாக்சி. லாபம் பார்த்த 900 ரூபாயைப் போல நான்கு மடங்கு டாக்சிக்குப் போனது. கட்டணத்தை முன்னாலேயே சொல்லி, ரசீதும் கொடுத்தார்கள். அதனால் அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கையில் நேரம் இருப்பவர்கள் கோவா அரசின் கதம்பா பஸ்ஸில் மடகாவ் வரை வந்து, அங்கிருந்து காணகோணா பஸ் பிடிக்கலாம். நாங்கள் திரும்பும்போது அப்படித்தான் காணகோணாவிலிருந்து மடகாவுக்குப் பஸ்ஸில் வந்தோம். கரமல் மலைப்பாதையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வர நன்றாகத்தான் இருந்திருக்கும், அன்றைக்கு ரசிக்கிற மனநிலை இல்லை.

இனி ஸ்கூட்டர். கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு கடை. பழச்சாறும் விற்றார்கள், சட்டையும் விற்றார்கள், வாசலில் ஆறேழு ஸ்கூட்டர்களும் நின்றன. பெயர்ப் பலகை இல்லை. நாளைக்கு 400 ரூபாய், முன்பணம் 2,000, கூடவே ஆதார் அட்டை. நகல் தருகிறேன் என்றேன். "அசல் இல்லாமல் யார் சார் வண்டி கொடுப்பார்கள்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் மயங்கி இரண்டு வண்டிகள் எடுத்தோம். பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டுக்கும் கீழே கிடந்தது. எதிர்க் கடையில் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் விற்கிறார்கள் என்று அவரே கைகாட்டினார். கிளம்பும்போது பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "போலீஸ் நிறுத்தினால் நண்பனுடைய வண்டி என்று சொல்லுங்கள்" என்றார். அப்போதே சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். என் மனைவி சொல்லவும் சொன்னாள். அவள் சொன்னது காதில் விழாத மாதிரி நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

பக்கத்தில் இருக்கும் அகோந்தா கடற்கரைக்குப் போய்த் திரும்புகிற வழியில் போலீஸ் நிறுத்தினார்கள். வண்டி யாருடையது என்று அந்தக் காவலர் அமைதியாகத்தான் கேட்டார். நண்பனுடையது என்றேன். நண்பர் பெயர் என்ன என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. கடைக்காரர் பெயரை நான் கேட்கவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐம்பதை நெருங்கும் வயதில், பள்ளிக்கூடத்தில் காப்பியடித்துப் பிடிபட்டவனைப் போலச் சாலையோரம் நின்றேன். ஆர்சி நகலை எடுத்துப் பார்த்து, அதில் இருந்த பெயரை அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். ஒரு பெண்மணியின் பெயர். புகைச் சான்றிதழ் காலாவதியாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஓட்டுநர் உரிமத்தை டிஜிலாக்கரில் காட்டினேன், அதை ஏற்றுக்கொண்டார்கள். மற்றதற்கு அபராதம் கட்டி ரசீது வாங்கினேன். அந்த ரசீதைக் கடைக்காரரிடம் நீட்டியபோது, "ஓட்டியது நீங்கள்தானே" என்றார்.

உண்மையான வேலை கடைசி நாளில்தான் நடந்தது. மடகாவிலிருந்து கோவைக்கு வாரம் ஒருமுறை ஓடும் ரயிலில் எங்களுக்கு இடம். இதை முதல் நாளே பேச்சுவாக்கில் அவரிடம் சொல்லித் தொலைத்திருந்தேன். இன்ன கிழமை, இன்ன நேரம் என்பது வரைக்கும். வண்டியைக் காலை பத்து மணிக்கு ஒப்படைக்கப் போனோம். கடையில் ஒரு பையன் மட்டும் இருந்தான். "சேட் வருவார், உட்காருங்கள்" என்றான். ஒன்றரை மணிக்குத்தான் வந்தார். வந்ததும் நேராக என் வண்டியின் இடது பக்கத்தில் குனிந்தார். தேடவெல்லாம் இல்லை. கட்டைவிரலை எச்சிலில் தொட்டு, பின் இருக்கைக்குக் கீழே தகட்டில் ஓர் இடத்தைத் துடைத்தார். விரல் நீளத்துக்கு ஒரு கீறல். "பெயிண்ட், டிங்கர் வேலை, 6,000 ஆகும்."

நானும் குனிந்து பார்த்தேன். கீறலின் அடியில் செம்பழுப்பாகத் துரு. துருவுக்கு மேல் புழுதி படிந்து இறுகியிருந்தது. உப்புக்காற்று அடிக்கிற ஊர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் மூன்று நாளில் அப்படித் துருப்பிடிக்க அது என்ன, கடலுக்குள்ளேயா ஓடியது? என்னுடைய அரைகுறை இந்தியில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மைத்துனன் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டான். அவருக்கும் அது தெரிந்தது. அவர் ஒன்றும் கத்தவில்லை. மூன்று பேருடைய அசல் ஆதார் அட்டைகளையும் சீட்டுக்கட்டைப் போலக் கையில் அடுக்கிக்கொண்டு நின்றார். காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றேன். "போகலாமே, ஆனால் உங்கள் ரயில்?" என்றார். அனுமதியில்லாமல் வாடகைக்கு விட்ட வண்டி. நிலையத்துக்குப் போனால் அவருக்குத்தான் சிக்கல். அந்த ரயில் மட்டும் இல்லாவிட்டால் போயே இருப்பேன்.

பேசிப் பேசி 3,500இல் முடிந்தது. முன்பணத்தில் கழித்தது போக, 1,500 கையிலிருந்து கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு அவர் முகத்தில் உண்மையான வியப்பு.

அதே தெருவில் கறுப்புப் பலகை வண்டிகளும் இருந்தன, நாளைக்கு 100 ரூபாய் கூடுதலாக. எடுத்தவர்களிடம் விசாரித்தபோது, ஆதார் நகல் மட்டும் வாங்கிக்கொண்டார்களாம், வண்டியைச் சுற்றிச் சுற்றி வீடியோவும் எடுக்கச் சொன்னார்களாம். நீங்களும் எடுங்கள், கீழ்ப்பக்கம் உட்பட. எந்த ரயில், எத்தனை மணிக்கு என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். மறுநாள் காலையில்தான் கிளம்புகிறோம் என்று சொன்னால் அது ஒன்றும் பாவமில்லை.

ரயில் கார்வார் தாண்டிய பிறகு மைத்துனன் தன் கைபேசியைப் புரட்டிக்கொண்டிருந்தவன், "அத்தான், இதைப் பாருங்கள்" என்று நீட்டினான். முதல் நாள், கடையிலிருந்து கிளம்பிய ஐந்தாவது நிமிடம் எடுத்த படம். என் மனைவி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின் இருக்கையில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறாள். விரித்துப் பார்த்தால், அவள் செருப்புக்கு நாலு விரல் மேலே, அதே கீறல், அதே துரு. படத்தைக் கடைக்காரருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது, உயர்த்திய கட்டைவிரல் ஒன்று.