நான்கு ரிங்குக்கு எட்டு முனை: டீகார்ப் வேலையை வெளியாளிடம் கொடுப்பவர்களுக்கு

கப்பலில் மெயின் இன்ஜின் டீகார்ப் வேலையை (பிஸ்டனைக் கழற்றி, கரியைச் சுரண்டி, ரிங் மாற்றுவது) வெளி ஒர்க்‌ஷாப்பிடம் கொடுக்கப்போகும் சீஃப் இன்ஜினியர், செகண்ட் இன்ஜினியர் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். ஒர்க்‌ஷாப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பணத் தகராறு இன்னும் முடியவில்லை. நான் கையெழுத்துப் போட்ட தாளும் அவர்களிடம்தான் இருக்கிறது.

எங்களுடையது பாரதீப்பிலிருந்து எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றி வரும் கப்பல். ஆறு சிலிண்டர் இன்ஜின், மேன் பி அண்ட் டபிள்யூ தயாரிப்பு. சிலிண்டர் விட்டம் 500 மி.மீ., ஸ்ட்ரோக் 2000 மி.மீ. நாலாம் யூனிட்டின், அதாவது நாலாம் சிலிண்டரின், பிஸ்டனை வெளியே எடுத்து, அதைச் சுற்றியிருக்கும் நான்கு ரிங்கையும் மாற்ற வேண்டிய மணிக்கணக்கு தாண்டிவிட்டது. வழக்கமாக இதை நாங்களே செய்வோம். அந்தத் தடவை ஃபிட்டர் கையில் அடிபட்டு ஊருக்குப் போய்விட்டார், மாற்று ஆள் வரவில்லை. நிலக்கரி இறங்கும் நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், இன்ஜினைக் கழற்றத் துறைமுக அனுமதியும் வாங்கியாகிவிட்டது. கம்பெனி ராயபுரம் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றிலிருந்து ஆறு பேரை அனுப்பியது.

கூடவே முதலாளியும் வந்தார். கையில் காசிமேட்டு வஞ்சிரம், பொரித்து, வாழை இலையில் கட்டி. "சார் தண்டையார்பேட்டையா? அப்போ நம்ம ஆளு" என்றார். நாலு மாதமாக உடைந்த இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசிக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பேச்சே பாதி மயக்கம். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்பார்களே, எனக்கு அது வறுத்த மீனாகவே வந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், பிரிக்கும் வேலையை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். ஹைட்ராலிக் ஜாக் மாட்டி 900 பார் அழுத்தத்தில் சிலிண்டர் கவர் நட்டைத் தளர்த்தியது, எக்ஸாஸ்ட் வால்வோடு கவரைத் தூக்கியது, பிஸ்டனை ஒரு உரசல் இல்லாமல் கிரேனில் மேலே கொண்டுவந்தது எல்லாமே பழகிய கை. பிஸ்டன் வெளியே வந்தபோது நானே கைபேசியில் படம் எடுத்து கம்பெனி சூப்பரின்டெண்டென்டுக்கு அனுப்பினேன். அப்போது இரவு 10.40. இந்த நேரத்தை நினைவில் வையுங்கள்.

ஜெனரேட்டர் வேலையால் முந்தின இரவும் எனக்குத் தூக்கம் கிடையாது. செகண்ட் பாய்லரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மேற்பார்வைக்கு நின்ற தேர்ட் இன்ஜினியர் புதுப் பையன். "நீங்க போய்ப் படுங்க சார், பசங்க பாத்துப்பாங்க" என்றார் முதலாளி. போய்ப் படுத்தேன்.

விடியற்காலை மூன்றரைக்கு எழுப்பினார்கள். ஆறு மணிக்குக் கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே கொண்டுபோக பைலட் வருவார். கீழே போனால் எல்லாம் மூடியாகிவிட்டது, சிலிண்டருக்குக் காற்று போகும் ஸ்கேவெஞ்ச் பெட்டியின் கதவு உட்பட. பழைய ரிங்குகள் எங்கே என்றேன். ஒரு கோணிப்பையைக் காட்டி, "எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு சார், கழட்டும்போது உடைஞ்சு போச்சு" என்றார்கள். பையைத் தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது. லைனர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்ற அளவுத் தாளை நீட்டினார்கள், மேலோட்டமாகப் பார்த்தேன். வேலை திருப்தி என்று எழுதி, கையெழுத்தும் கப்பல் முத்திரையும் போட்டுக் கொடுத்தேன்.

புது ரிங் போட்ட யூனிட்டை ஓட்டிப் பழக்குகிற மாதிரியே சிலிண்டர் ஆயிலைக் கூட்டி, லோடை மெதுவாக ஏற்றினோம். முப்பது மணி நேரம் ஓடியிருக்கும். நாலாம் யூனிட்டின் எக்ஸாஸ்ட் வெப்பம் ஏற ஆரம்பித்தது, அடுத்து ஸ்கேவெஞ்ச் பெட்டியின் வெப்ப அலாரம் அடித்தது. போய்ப் பார்த்தால் பெட்டியின் வெளிப்பக்கம் பெயின்ட் கொப்பளித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே தீ. பிரிட்ஜுக்குச் சொல்லி வேகத்தைக் குறைத்து, அந்த யூனிட்டுக்கு எரிபொருளை நிறுத்தி, சிலிண்டர் ஆயிலை இன்னும் கூட்டி, ரிலீஃப் வால்வுப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டோம். தீ அணைந்த பிறகும் சூடு தணியும்வரை கதவைத் தொடவில்லை. அவசரப்பட்டுத் திறந்து காற்று உள்ளே போனால் வெடிக்கலாம். அந்தக் காத்திருப்பில்தான் எனக்கு முதல்முதலாக அந்தக் கோணிப்பை ஞாபகம் வந்தது.

பாரதீப் ஆங்கரேஜில், நங்கூரம் போட்டு நின்ற இடத்தில், நாங்களே பிஸ்டனை எடுத்தோம். மேல் ரிங் மட்டும் புதுசு. ஓட்டிப் பழக்குவதற்காகப் புது ரிங்கின் முகத்தில் ஒரு மஞ்சள் பூச்சு இருக்கும், அதில் அது இன்னும் மிச்சம் இருந்தது. இரண்டாவது ரிங் துண்டு துண்டு. மூன்றாவதும் நாலாவதும் பள்ளத்தில் இறுகிப்போய் அசையவில்லை. இந்த மூன்றிலும் பூச்சின் சுவடே இல்லை. தடிப்பை அளந்தால் தேய்ந்த ரிங்.

அப்புறம் கோணியைத் தரைத் தகட்டில் கொட்டினோம். பிஸ்டன் ரிங் முழு வளையம் கிடையாது, ஓரிடத்தில் வெட்டு இருக்கும். எத்தனை துண்டாக உடைந்தாலும் ஒரு ரிங்குக்கு இழைத்த முனை இரண்டுதான். உடைந்த வாய் சொரசொரப்பாக இருக்கும், இழைத்த முனை வழவழப்பாக இருக்கும், குழப்பமே வராது. நான்கு ரிங் என்றால் எட்டு முனை கிடைக்க வேண்டும். கிடைத்தது இரண்டு. அதுவும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்ளும் முனை. எங்கள் இன்ஜினில் மேல் ரிங்குக்கு மட்டும்தான் அப்படி இருக்கும். பையின் கனத்துக்குக் காரணம் அடியில் கிடந்த பழைய ஃபிளேஞ்ச்.

ஆக, ஒரு ரிங்கை மாற்றிவிட்டு மூன்று பழையதைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியிருக்கிறார்கள். மூன்று புது ரிங் அவர்களோடு கப்பலை விட்டு இறங்கிப் போய்விட்டது. அரை மீட்டர் வட்டம், சட்டைப்பையில் போகிற சாமான் இல்லை. ஏறும்போது எழுதிய கருவிப் பட்டியலை இறங்கும்போது எங்கள் கேங்வேயில் (ஏறி இறங்கும் படியில்) யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அளவுத் தாளை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். பிஸ்டன் உச்சிக்குப் போய் மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் லைனர் அதிகம் தேயும், கீழே வர வர குறையும். முன்-பின் திசையிலும் இட-வல திசையிலும் தனித்தனியாக அளப்பதே இரண்டும் ஒன்றுபோல் இருக்காது என்பதால்தான். தாளில் இரண்டு பத்தியும் நூறில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாமல் ஒரே எண்கள். அளவெடுத்த நேரம் இரவு 9.10 என்று போட்டிருக்கிறது. பிஸ்டன் வெளியே வந்ததே 10.40-க்கு. லைனருக்குள் பிஸ்டன் இருக்கும்போதே உள்ளளவு எடுத்திருக்கிறார்கள்!

முதலாளிக்கு போன் போட்டேன். முனைக் கணக்கைச் சொன்னதும், "மீதி ஆறு முனை பில்ஜுல விழுந்திருக்கும் சார்" என்றார், அதாவது இன்ஜின் ரூமின் அடிப்பள்ளத்தில். அளவுத் தாளைப் பற்றிக் கேட்டேன். "பையன் டைம் தப்பா எழுதிட்டான்." கடைசியில் குரல் மாறியது: "நீங்கதானே சார் திருப்தின்னு எழுதி சீல் வச்சுக் குடுத்தீங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாதிப் பணம் முன்பணமாகவே போய்விட்டது. மீதியைக் கம்பெனி பிடித்து வைத்திருக்கிறது. புது லைனர், ரிங், ஆங்கரேஜில் நின்ற நாள் எல்லாம் சேர்த்தால் அந்த மீதி எந்த மூலைக்கு?

சென்னையில் நல்ல கைகள் இல்லை என்று சொல்ல வரவில்லை. எனக்குப் பிஸ்டன் தண்டைச் சுற்றி அடைக்கும் ஸ்டஃபிங் பாக்ஸைப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தவரே ராயபுரத்து ஃபிட்டர் ஒருவர்தான். ஆனால் இப்போதெல்லாம் புது ரிங்குகள் மாட்டும் நிமிடம்வரை என் கேபினில்தான் இருக்கும். பழையதை என் முன்னால் கழற்றி, முனைகளை எண்ணிக் கொடுக்கச் சொல்கிறேன். லைனர் கேஜை ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன். ஸ்கேவெஞ்ச் கதவை மூட விடுவதில்லை. டர்னிங் கியரில் இன்ஜினை மெதுவாகச் சுற்றவிட்டு, லைனரிலுள்ள காற்றுத் துளை (போர்ட்) வழியாக டார்ச் அடித்து நான்கு ரிங்கிலும் மஞ்சள் பூச்சைப் பார்த்த பிறகுதான் மூடல். கையெழுத்துக்கு மேலே "ஓட்டிப் பார்த்த பிறகே உறுதி" என்று ஒரு வரி சேர்க்கிறேன். முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

லீவில் வந்தபோது அந்த ஒர்க்‌ஷாப்புக்கு நேரிலேயே போனேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டுக் கேட்டார்: "இப்ப எந்தக் கப்பல் சார்? டீகார்ப் எப்போ வருது?"