தென்னைநார்ப் பலகை நல்லது, செய்முறைத் தாள்தான் தப்பு

பிற்பகல் வெயில் நேராக விழும் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் படுக்கையறைச் சுவருக்கு, தேங்காய் மட்டை நாரை ரப்பர் பாலால் பிணைத்துச் செய்த இந்தப் பலகையைத் தாராளமாக வாங்கலாம். இதன் வெப்பக் கடத்துத்திறன் (குறைவாக இருந்தால் நல்லது) 0.045 W/mK அளவில் இருக்கும். ராக்வுல் எனும் பாறைநார் (0.035–0.040) இதைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் 150 மி.மீ. கான்கிரீட் தனியாகத் தடுப்பது சொற்பம். அதனால் 25 மி.மீ. பலகை போட்டாலே, கணக்குப்படி, சுவர் வழியே வரும் வெப்பம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். சன்னல் வெயிலுக்கு இது பயன்படாது. பெரிய கண்ணாடி இருந்தால் முதலில் திரைச்சீலைக்குச் செலவழியுங்கள்.

வாங்குமுன் எடை பாருங்கள். 1200 x 600 x 25 மி.மீ. பலகை இரண்டு கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து கிலோ என்றால் அது இறுக்கி அழுத்திய மேசைப்பலகை ரகம். வெப்பத்தைத் தடுப்பது நாருக்கு இடையே சிக்கிய காற்று, அது அதில் இல்லை.

அடுத்து உப்பு. உப்பங்கழியில் ஊறிய மட்டையைச் சரியாக அலசாவிட்டால் நாரில் உப்பு தங்கி ஈரத்தை இழுக்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும். இரண்டு கடைகளின் மாதிரித் துண்டுகளை ஒரே எடையில், ஒரே அளவு நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, நீரில் கரைந்த உப்பைக் காட்டும், மீன்தொட்டிக்கு வைக்கும் டிடிஎஸ் மீட்டரால் பாருங்கள். எண் கூடுதலாகக் காட்டுவதை விட்டுவிடுங்கள். எதை வாங்கினாலும் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூதான்.

பெரிய குறை, கூடவே வரும் செய்முறைத் தாள். அறைப் பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டச் சொல்கிறது. குளிர்நாட்டில் அது சரி. அங்கே ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும். இங்கே தலைகீழ். மழையில் ஊறிய சுவரில் வெயில் பட்டதும் ஈரம் உள்நோக்கி வரும். வெளியே 31 டிகிரி, 70% ஈரப்பதம் என்றால் சுமார் 25 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பிலேயே நீர் கோத்துக்கொள்ளும். ஏர்கான் 24இல் ஓடும் அறையில் அந்தத் தாளின் பின்பக்கம் நனைந்து, சில மாதங்களில் பூஞ்சணம் கறுப்பாகப் படரும். வினைல் வால்பேப்பரும் இதே வேலையைத்தான் செய்யும். அறைப் பக்கம் 12 மி.மீ. ஜிப்சம் போர்டு, அதன்மேல் சாதாரண எமல்ஷன் பெயின்ட், அவ்வளவு போதும். சுவரில் கசிவு இருந்தால் அதை அடைக்காமல் பலகையைத் தொடவே கூடாது. தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள், இல்லாவிட்டால் தரை துடைக்கும் தண்ணீரை நார் உறிஞ்சிவிடும்.

நாரும் ரப்பரும் எரியும். தீச்சோதனை அறிக்கை காட்டாத கடையில் வாங்காதீர்கள். பலகையை மூடாமல் விடாதீர்கள். அடுப்புச் சுவருக்கு வேண்டவே வேண்டாம். போரேட் (போரான் உப்பு) கலந்த ரகமே மேல், பூச்சிக்கும் அது தடை. அதன் வெட்டுத்துண்டுகளை மட்டும் செடித்தொட்டியில் போட்டுவிடாதீர்கள்: போரான் மிகுந்தால் இலை நுனி கருகும்.