புது பைக்குக்கு ரன்னிங்-இன்: பொத்திப் பொத்தி ஓட்டுவதா, முறுக்கி ஓட்டுவதா?

புது பைக் எடுத்தவர் காதில் முதல் நாளே, ரன்னிங்-இன் பற்றி, அதாவது புது இன்ஜினை ஆரம்பத்தில் பழக்கி ஓட்டுவது பற்றி, இரண்டு அறிவுரைகள் விழும். "1000 கிலோமீட்டர் வரைக்கும் மெதுவா ஓட்டு, அப்பதான் இன்ஜின் காலத்துக்கும் நிக்கும்" என்பார் ஒருவர். "முதல் நாளே நல்லா முறுக்கி ஓட்டிடு, இல்லேன்னா வண்டி கடைசிவரைக்கும் மந்தமாத்தான் இருக்கும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே அனுபவஸ்தர்கள். லட்சம் கிலோமீட்டர் ஓடியும் திறக்காத இன்ஜின் இரு கட்சியிடமும் சாட்சிக்கு இருக்கும்.

இந்தச் சண்டை தீராததற்குக் காரணம், முதலாமவர் ஆர்பிஎம்மைப் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது) பற்றிப் பேசுகிறார், இரண்டாமவர் லோடைப் (இன்ஜின் எவ்வளவு சுமையை இழுக்கிறது) பற்றிப் பேசுகிறார். கேட்கிற நமக்கு இரண்டும் ஒன்று போலத் தோன்றுகிறது. 3000 ஆர்பிஎம்மில் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) முக்கால் பங்கு திறந்தால் ஆர்பிஎம் குறைவு, லோடு அதிகம். சமதள ரோட்டில் கியரைக் குறைத்து வைத்து, த்ராட்டிலை லேசாகப் பிடித்துக்கொண்டு 7000-ல் ஓடினால் ஆர்பிஎம் அதிகம், லோடு குறைவு. இதைப் பிரித்துப் பார்த்தால் பாதி வாதம் தானாகவே அடங்கிவிடும்.

மேனுவல் கட்சி

எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி சொல்வதில்லை. ஹோண்டாவின் பல மேனுவல்களில் விஷயம் ரொம்பச் சுருக்கம்: முதல் 500 கிலோமீட்டருக்கு முழு த்ராட்டிலில் கிளம்பாதே, சட்டென்று வேகம் ஏற்றாதே, கடுமையாகப் பிரேக் பிடிக்காதே. ஆர்பிஎம் எண்ணே கிடையாது. கவாசாகி இதற்கு நேர் எதிர். 13,000 ஆர்பிஎம்மில் ரெட்லைன் (தாண்டக் கூடாத உச்ச ஆர்பிஎம்) வைத்த நிஞ்ஜா 250ஆர் பைக்குக்கு முதல் 800 கிலோமீட்டர் வரை 4000, அதன்பிறகு 1600 வரை 6000 என்று வரம்பு கட்டியது. அந்த வரம்போடு ஹைவேயில் ஏறினால் பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரன் அடித்தே ஓரங்கட்டிவிடுவார். யமஹாவின் பல மேனுவல்கள் 1600 கிலோமீட்டர் வரை இரண்டு கட்டமாகப் பிரித்து, இன்ன ஆர்பிஎம்முக்கு மேல் "நீண்ட நேரம்" ஓட்டாதே என்கின்றன. எப்போதாவது ஒரு முறை மேலே தொட்டு இறங்குவதை அது தடுக்கவில்லை.

எனக்குப் பிடித்தது பிஎம்டபிள்யூ சொல்வது. த்ராட்டிலையும் ஆர்பிஎம்மையும் அடிக்கடி மாற்று, ஒரே ஆர்பிஎம்மில் நெடுநேரம் போகாதே, வளைவும் லேசான ஏற்ற இறக்கமும் உள்ள ரோடாகப் பார்த்து ஓட்டு, முடிந்தவரை ஹைவேயைத் தவிர் என்கிறது. கவனித்தால், இது மெதுவாகப் போகச் சொல்வதல்ல, இன்ஜினுக்கு மாறி மாறி வேலை கொடுக்கச் சொல்வது. ஏறும்போது லோடு, இறங்கும்போது இன்ஜின் பிரேக்கிங். அதே கம்பெனி எஸ்1000ஆர்ஆர் மாடலில் ஓட்டுநரை நம்பாமல், முதல் சர்வீஸ் முடியும்வரை 9000-க்கு மேல் போகாதபடி இசியுவிலேயே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரிலேயே) பூட்டுப் போட்டிருந்தது. லோடைத் தாராளமாகக் கொடு, ஆர்பிஎம்மை அடக்கி வை என்பதுதான் இரண்டையும் சேர்த்தால் கிடைப்பது.

மேனுவல் ஏன் இவ்வளவு ஜாக்கிரதையாக எழுதப்படுகிறது? ஒரு காரணம் பழைய காலம். ஏர்-கூல்டு இன்ஜின்களில், அதிலும் டூ-ஸ்ட்ரோக்கில், புதிதில் போட்டு விரட்டினால் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்றைய லிக்விட்-கூல்டு இன்ஜினில் அந்தப் பயம் பெரிதாக இல்லை. இன்னொரு காரணம் இன்றும் செல்லும்: மேனுவல் இன்ஜினுக்கு மட்டும் எழுதப்படுவதல்ல. புது டயரின் மேல்பரப்பு வழுக்கும், பிரேக் பேடு டிஸ்க்கில் இன்னும் படிந்திருக்காது, ஓட்டுபவருக்கும் அந்த வண்டி புதுசு.

முறுக்கும் கட்சி

இவர்களை அரைவேக்காடு என்று ஒதுக்கிவிட முடியாது. இவர்களின் வாதம் நிற்பது பிஸ்டன் ரிங்கின் மேல், அதாவது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையத்தின் மேல்.

மேல் ரிங்கின் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டர். அது சிலிண்டர் சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பது தன் ஸ்பிரிங் விறைப்பால்தான், ஆனால் அந்த விசை சொற்பம். எரியும்போது உண்டாகும் வாயு, ரிங் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தின் இடுக்கில் புகுந்து ரிங்கின் முதுகுப்பக்கம் போய், அதை வெளியே தள்ளிச் சுவரோடு அழுத்துகிறது. த்ராட்டில் திறக்கத் திறக்க அந்த அழுத்தம் ஏறும். சுவரிலோ ஹோனிங் செய்த (தேய்ப்புக் கல்லால் கீறிய) குறுக்குக் கோடுகள், மெல்லிய உப்புத்தாள் மாதிரி, ஓரிரு மைக்ரான் மேடு பள்ளத்தோடு இருக்கும். ரிங்கும் அந்த மேடுகளும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்தினால்தான் சீல் கிடைக்கும். லோடே கொடுக்காமல் உருட்டிக்கொண்டிருந்தால் ரிங் அழுந்தாது. தங்கிப்போகும் ஆயில் சூட்டில் தீய்ந்து, குறுக்குக் கோடுகளை அடைத்து, சுவரைக் கண்ணாடிபோல் பளபளப்பாக்கிவிடும். இதுதான் கிளேசிங். அதன்பின் ரிங் தேய்ந்து பொருந்த வழியில்லை, ஆயில் குடிக்கும். குறைந்த லோடில் மணிக்கணக்காக ஓடும் டீசல் ஜெனரேட்டர்களில் இது அன்றாடப் பிரச்சினை.

இந்தக் கட்சிக்கு வலுவான சாட்சி பைக் உலகத்தில் இல்லை, விமான உலகத்தில் இருக்கிறது. லைகமிங் கம்பெனி தன் பிஸ்டன் விமான இன்ஜின்களுக்கு, புதிதில் 65 முதல் 75 சதவீத பவரில் ஓட்டும்படி சொல்கிறது. குறைந்த பவரில் தாலாட்டினால் ரிங் பொருந்தாது என்பதுதான் காரணம். நடுவானில் நின்றுபோகக் கூடாத இன்ஜினுக்கே இப்படிச் சொல்கிறார்கள் என்பதை மேனுவல் கட்சிக்காரர்கள் யோசிக்க வேண்டும். ஆனால் அந்த விமான இன்ஜினின் ரெட்லைன் 2700 ஆர்பிஎம் அளவில்தான் என்பதை முறுக்கும் கட்சியும் மறக்கக் கூடாது. அங்கே ஏற்றப்படுவது லோடு, ஆர்பிஎம் அல்ல.

இவர்கள் எல்லை தாண்டுவது இரண்டு இடத்தில். ஒன்று, "முதல் முப்பது கிலோமீட்டரில் ரிங் பொருந்தலேன்னா அவ்வளவுதான்" என்கிற கெடு. ஃபேக்டரியிலேயே இன்ஜினை ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். பல இடங்களில் முழு பைக்கையும் ரோலர் மேல் ஏற்றிக் கியர் கியராக ஓட்டிச் சோதிப்பார்கள். போதாததற்கு, இன்றைய சிலிண்டர்களில் பெரும்பாலானவை பிளேட்டோ ஹோனிங் முறையில் வருகின்றன. மேடுகளின் கூர்முனையை ஃபேக்டரியே சீவி, ஆயில் தங்க ஆழமான கோடுகளை மட்டும் விட்டுவைக்கிறது. ரன்னிங்-இன்னில் நாம் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி இப்படி ஏற்கெனவே முடிந்துவிட்டது. நாம் கெடுக்க வாய்ப்பும் குறைவு, கூட்ட வாய்ப்பும் குறைவு.

இரண்டாவது, ரேஸ் இன்ஜின் உதாரணம். ரேஸ் டீம் ஒரு மணி நேரத்தில் ரன்னிங்-இன் முடித்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் அந்த இன்ஜினைச் சில ரேஸ்களுக்குப் பிறகு பிரித்துப் புது ரிங் போட்டுவிடுவார்கள். பத்து வருஷம் ஓட வேண்டிய வண்டிக்கு அது முன்மாதிரி ஆகாது. கியர் பற்களும் பேரிங்குகளும் ரிங் மாதிரி "அழுத்தினால் நல்லது" ரகம் அல்ல. அவற்றுக்கு மெதுவாக ஏறும் சுமைதான் பிடிக்கும்.

இரண்டையும் கலந்தால்

என் தேர்வு: ஆர்பிஎம் வரம்புக்கு மேனுவல், லோடுக்கு முறுக்கும் கட்சி. முதலில் இன்ஜினை நன்றாகச் சூடாக்க வேண்டும். ஸ்டாண்டு போட்டு ஐட்லிங்கில் விட்டு அல்ல, மிதமாக ஓட்டிச் சூடாக்க வேண்டும். கூலன்ட் முள் ஏறிவிட்டது என்று அவசரப்படக் கூடாது, ஆயில் சூடாக அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். பிறகு, வரம்பு 6000 என்றால், மூன்றாவது கியரில் 3000-லிருந்து த்ராட்டிலைப் பாதியோ முக்காலோ திறந்து 5500 வரை இழுக்கவிட்டு, த்ராட்டிலை முழுக்க மூடி, கிளட்ச் பிடிக்காமல் 3000 வரை இறங்கவிடுங்கள். மூடும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை ரிங் பக்கம் இழுத்து நனைக்கும். கொஞ்ச தூரம் சாதாரணமாகப் போய்விட்டு மறுபடி ஒரு இழுப்பு. பின்னால் வண்டி இல்லாத ரோடாக இருக்கட்டும், பிரேக் விளக்கே எரியாமல் நீங்கள் வேகம் குறைவது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

டாப் கியரில் 2000-ல் திணறத் திணற முறுக்குவது இந்தக் கணக்கில் சேராது. "ஆர்பிஎம் கம்மியாத்தானே இருக்கு" என்று பலர் செய்யும் காரியம் இது, அதிலும் மேனுவலைப் படித்தவர்கள். இன்ஜின் தட்டும் சத்தம் கேட்டால் ஒரு கியர் இறக்குங்கள். முழுக்க முழுக்க மேனுவல்படியோ, முழுக்க முறுக்கியோ ஓட்டியவர் வண்டி கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. தப்பு நடக்க வாய்ப்பு அதிகம் இருப்பது, ஹைவேயில் ஒரே வேகத்தில் கை அசையாமல் 500 கிலோமீட்டரைத் தீர்த்துக்கட்டுகிறவருக்குத்தான்.

வாரண்டி பார்வையிலும் இந்த வழி பாதுகாப்பு. சில பைக்குகளின் இசியு, எந்த ஆர்பிஎம் வரை போனோம் என்பதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. த்ராட்டிலை எவ்வளவு திறந்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை, ரெட்லைனைத் தொட்டாயா என்று கேட்கலாம்.

ஆயிலிலும் இரண்டு கட்சி

மினரல் ஆயிலில்தான் ரிங் பொருந்தும், சிந்தெடிக் வழுக்கி விட்டுவிடும் என்பது பழைய நம்பிக்கை. செவர்லே கார்வெட் கார் 1992 முதல் ஃபேக்டரியிலிருந்தே சிந்தெடிக் ஆயிலோடு வருகிறது. உயர்ரக பைக்குகள் பலவும் அப்படியே. மேனுவலில் போட்டிருக்கும் கிரேடு, வெட் கிளட்ச் (இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடும் கிளட்ச்) உள்ள வண்டியென்றால் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற ஜப்பானியத் தர முத்திரை, இவ்வளவு பார்த்தால் போதும். கார் ஆயிலை ஊற்றிக் கிளட்ச் நழுவுகிறது என்று புலம்புவதைவிட இது சுலபம்.

முதல் ஆயிலைச் சர்வீஸ் வரை விடலாமா, 200-300 கிலோமீட்டரிலேயே மாற்றலாமா என்பதில் நான் வண்டியைப் பார்த்துச் சொல்வேன். முதல் ஆயிலை வடித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள், வெள்ளிப்பொடி தூவியதுபோல் மினுங்கும். ஆரம்பத் தேய்மானம் முழுக்க அதில் இருக்கிறது. காகித ஃபில்டர் உள்ள இன்ஜினில் பெரும்பகுதியை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும், மேனுவல் சொன்ன நேரத்தில் ஃபில்டரோடு சேர்த்து மாற்றினால் தப்பில்லை. சின்ன பைக்குகள் சிலவற்றில் கம்பிவலை ஸ்ட்ரெய்னர் மட்டும்தான் இருக்கும், நுண்பொடியை அது விட்டுவிடும். அந்த வண்டிகளுக்குச் சீக்கிரம் மாற்றுவதை நான் ஆதரிப்பேன். இப்படி மினுங்கும் நுண்பொடி சகஜம், நகம்போல் செதில் செதிலாக வந்தால் உடனே சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

முதல் சர்வீஸ் முடிந்ததும் ஆயில் மட்டத்தை ஒரு தடவை குறித்து வையுங்கள். அடுத்த 1000 கிலோமீட்டருக்குப் பிறகு அதே இடத்தில், அதே சூட்டில், வண்டியை நேராக நிறுத்திப் பாருங்கள். மட்டம் கிட்டத்தட்ட அங்கேயே நின்றால் ரிங் பொருந்திவிட்டது, எந்தக் கட்சிப்படி ஓட்டினீர்கள் என்பது இனி விஷயமே இல்லை. கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தாலோ, மூடிய த்ராட்டிலைத் திரும்பத் திறக்கும்போது நீலப் புகை வந்தாலோ, லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எங்கே கசிகிறது என்று பார்ப்பது) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். காற்று சைலன்சர் வழியாகப் போனால் எக்சாஸ்ட் வால்வு, கிராங்க்கேஸ் பக்கம் போனால் ரிங்.