சிவப்பணுவும் தட்டணுவும்: ஒரே மஜ்ஜை, வேறு பிறப்பு

ரத்தத்திலுள்ள சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்) இரண்டும் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன; இரண்டுக்கும் உட்கரு கிடையாது. ஒற்றுமை கிட்டத்தட்ட அவ்வளவுதான். சிவப்பணு முழு செல்லாக வளர்ந்து, கடைசியில் உட்கருவை வெளியே தள்ளிவிடும். தட்டணுவோ முழு செல்லே அல்ல, துணுக்கு. மெகாகேரியோசைட் என்ற ராட்சத செல், மஜ்ஜையின் ரத்தக்குழாய்க்குள் நீளமான கைகளை நீட்டும். ரத்த ஓட்டத்தில் அவை அறுந்து ஆயிரக்கணக்கான தட்டணுக்களாகும். துணுக்குதானே என்று ஒதுக்க வேண்டாம். 2 முதல் 3 மைக்ரான் அகலத்துக்குள் உறைதலுக்கான பொருள்கள் நிரம்பிய நுண்பைகள், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் உண்டு. காயம் பட்டால் உருவத்தையே மாற்றி, முள்முள்ளாக நீட்டி ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுவோ, ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நிரம்பிய பை. சரி, அதன் வேலைக்கு அது போதும். ஆயுள்? சிவப்பணுவுக்குச் சுமார் 120 நாள், தட்டணுவுக்கு 8 முதல் 10 நாள்தான்.