எல்லவா, அப்புத்தளையா?

இலங்கையின் மலையகத்துக்குக் குடும்பத்தோடு சுற்றுலா செல்வோர் இவ்விரு ஊர்களில் எதைத் தெரிவு செய்யலாம்? கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் அப்புத்தளை முதலிலும் எல்ல அதன் பின்னரும் வருகின்றன.

1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலமும் இராவணா நீர்வீழ்ச்சியும் பிள்ளைகளும் ஏறக்கூடிய சின்ன சிவனொளிபாத மலையும் அருகருகே அமைந்திருப்பதால் எல்லவில் பொழுது போவதே தெரியாது. ஆனால் பிரதான வீதி முழுவதும் வெளிநாட்டுப் பயணிகளுக்கான உணவகங்களே.

அப்புத்தளை, ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில், எல்லவைவிடக் குளிரான ஊர். தம்பேதன்ன தேயிலைத் தோட்டத்துக்கு மேலேயுள்ள லிப்டன் சீற் என்னும் காட்சிமுனைக்கு, மூடுபனி எழுமுன், விடியற்காலையிலேயே சென்றால்தான் காட்சி தெளிவாகத் தெரியும் என்பதால் (தாமதமாக எழும் பிள்ளைகள் உள்ள வீட்டார் கவனிக்கவும்) முதல்நாளே முச்சக்கரவண்டியைப் பேசிவைக்க வேண்டும்.

முதியோர் உடன்வந்தால் நான் அப்புத்தளையையே தெரிவு செய்வேன். பெரும்பாலான இடங்களுக்கு வாகனத்திலேயே செல்லலாம், கடைகளிலும் தமிழிலேயே பேசலாம்.