ரேங்க் உறுதி தர மறுத்த எஸ்.இ.ஓ. ஏஜென்சி: ஒரு விமர்சனம்

தையல் மெஷின் உதிரி பாகங்கள் விற்கும் எங்கள் இணையதளத்துக்கு எஸ்.இ.ஓ. வேலை, அதாவது கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை, பார்க்கும் ஏஜென்சியைப் பற்றிய விமர்சனம் இது. சின்ன ஏஜென்சிதான், ஆட்கள் குறைவு. பெயரைப் போடவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தைத்தான் சொல்ல நினைக்கிறேன், எஸ்.இ.ஓ.வுக்கு ஆள் தேடுகிறவர்கள் இதை வைத்து எந்த ஏஜென்சியையும் எடைபோட்டுப் பார்க்கலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல சேவை, தொடர்கிறோம். குறைகளும் உண்டு, கீழே வரும்.

முதல் பேச்சிலேயே எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது. எந்தப் பொருள் அதிகம் விற்கிறது, எதில் லாபம் நிற்கிறது, ஆர்டர் கூடினால் ஸ்டாக் தாங்குமா என்று அவர்கள்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான், "மூணு மாசத்துல முதல் பக்கத்துக்கு வந்துடுவோமா?" என்று கேட்டதற்கு, "அந்த உறுதியை எங்களால தர முடியாது சார், யார் தந்தாலும் நம்பாதீங்க" என்று பதில் வந்தது. கூகுளில் முதலிடம் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது, அதைத் திறந்து காட்டினார்கள். எஸ்.இ.ஓ. ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கூகுள் 2017ல் வெளியிட்ட வீடியோவில், மாற்றங்களைச் செய்து பலன் தெரிய பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று சொல்லியிருப்பதையும் சொன்னார்கள். விற்க வந்தவர் தன் கையில் இல்லாததைப் பணம் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவது இந்தத் தொழிலில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காத ஒன்று.

அதற்கு முன்பு வைத்திருந்த ஏஜென்சி "முதல் பக்கம் உறுதி, இல்லையென்றால் பணம் வாபஸ்" என்று சொல்லித்தான் வந்தது. சொன்ன வாக்கைக் காப்பாற்றியும் விட்டார்கள், அதுதான் பிரச்சினையே. எந்த வார்த்தைகளுக்கு முதல் பக்கம் என்பதை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். பாதி எங்கள் கடைப் பெயர், மீதி யாரும் தேடவே தேடாத நீள நீளமான சொற்றொடர்கள். தன் பெயரைத் தட்டினால் தன் தளம் முதலில் வருவதற்கு எதற்கு ஏஜென்சி? ஆனாலும் மாதாமாதம் ரிப்போர்ட்டில் பச்சை அம்புகளாக மேலே போய்க்கொண்டிருக்கும், ஆர்டர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். கேட்டால் "டொமைன் அத்தாரிட்டி ஏறியிருக்கு பாருங்க" என்பார்கள். டொமைன் அத்தாரிட்டி என்பது மாஸ் என்ற தனியார் நிறுவனம் 100க்குப் போடும் மதிப்பெண். கூகுள் தன் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. போதாததற்கு, தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் அனலிட்டிக்ஸ் கணக்கை அவர்கள் பெயரில் திறந்திருந்தார்கள், பிரிந்தபோது பழைய தரவு எங்களோடு வரவில்லை.

இப்போதைய ஏஜென்சி முதல் வாரம் செய்த வேலை, எல்லாக் கணக்குகளையும் எங்கள் பெயரில் திறக்க வைத்ததுதான். தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் உரிமையாளர் நாங்கள், அவர்கள் நாங்கள் அனுமதி கொடுத்த யூசர். நாளைக்கே அவர்களை நிறுத்தினாலும் ஒரு எண்கூட எங்களைவிட்டுப் போகாது. தளத்தை அலசியபோது, பழைய டிசைனை மாற்றிய சமயத்தில் யாரோ போட்டுவைத்த 'நோஇண்டெக்ஸ்' டேக் சில வகைப் பக்கங்களில் அப்படியே இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதாவது அந்தப் பக்கங்களைக் காட்டாதே என்று நாங்களே கூகுளிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அதை எடுத்ததும் டிராஃபிக் சட்டென்று ஏறியது. அந்த மாத ரிப்போர்ட்டில் அவர்கள் எழுதியிருந்த வரி இன்னும் நினைவிருக்கிறது: இது அடைப்பு நீங்கியதால் வந்த ஏற்றம், அடுத்தடுத்த மாதங்களிலும் இதே வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். நல்ல எண் வந்த நேரத்தில், கொண்டாடுகிற வாடிக்கையாளரிடம் இதைச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

ரிப்போர்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எஸ்.இ.ஓ.வில் ஏமாற்றுவதும் நேர்மையாக இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. முதல் விஷயம், எங்கள் பெயரைச் சேர்த்துத் தேடி வந்தவர்களையும் பெயரே தெரியாமல் பொருளைத் தேடி வந்தவர்களையும் தனித்தனியாகக் காட்டுகிறார்கள். வேறு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் பெயரைத் தட்டி வருகிறவர்களை எஸ்.இ.ஓ.வின் வெற்றியாகக் கணக்கு காட்டுவது ரொம்பச் சுலபம், அந்த வழியையே அடைத்துவிட்டார்கள். அப்புறம், முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுகிறார்கள், தையல் வேலை எல்லா மாதமும் ஒரே மாதிரி ஓடாது. சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும் என்பதால் மாதாமாதம் இறக்கி ஒரு ஷீட்டில் சேர்த்து அதையும் எங்களிடமே கொடுக்கிறார்கள். ஒரு மாதம் தேடல் முடிவுகளில் எங்கள் சராசரி இடம் கீழே போய், கிளிக் மட்டும் மேலே போயிருந்தது, பார்த்ததும் எனக்குப் பதறியது. புதிதாகச் சேர்த்த பக்கங்கள் புதிய தேடல்களில் மூன்றாம் நான்காம் பக்கத்தில் தலைகாட்டத் தொடங்கினால் சராசரி இறங்கத்தான் செய்யும், பழைய பக்கங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்று வரிசை வரிசையாகக் காட்டினார்கள்.

எண்கள் நிஜமாகவே இறங்கிய மாதமும் உண்டு. கூகுள் வருடத்தில் சில முறை தன் தரவரிசை முறையைப் பரவலாக மாற்றும் கோர் அப்டேட் விடும், அதில் ஒன்றில் எங்கள் பக்கங்கள் கொஞ்சம் இறங்கின. அது ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே இருந்தது, கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒளித்து வைக்கவில்லை. காரணம் உறுதியாகத் தெரியவில்லை, சந்தேகங்கள் இவை, முதலில் இதைச் சரிபார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கோர் அப்டேட்டில் ஒரு பக்கம் இறங்கினால் அதில் தப்பு இருந்தே ஆகவேண்டும் என்றில்லை, கூகுளே இதைச் சொல்லியிருக்கிறது. அதனால் எதையாவது மாற்றிக் காட்ட வேண்டுமே என்பதற்காகப் பக்கங்களைக் கலைத்துப் போடாமல் இருந்ததும் எனக்குச் சரியாகவே பட்டது.

எங்கள் பார்ட்னருக்கு 'தையல் மெஷின்' என்ற அந்த ஒற்றை வார்த்தையில் முதலிடம் வேண்டும் என்று ஆசை. பல வாடிக்கையாளர்களுக்கு இப்படி ஒரு வார்த்தை மனதில் இருக்கும், அதற்குத் தலையாட்டுகிற ஏஜென்சிக்குத்தான் ஒப்பந்தம் போகும், அதனால்தான் தலையாட்டுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இவர்கள் அந்தத் தேடல் பக்கத்தைத் திறந்து காட்டினார்கள். மேலே முழுக்க மெஷின் தயாரிப்பாளர்களும் பெரிய விற்பனைத் தளங்களும். "இதைத் தேடுறவங்க முழு மெஷின் வாங்க வர்றாங்க சார், நீங்க விக்கிறது பாபின் கேஸும் ஊசியும். வந்தாலும் வாங்க மாட்டாங்க" என்றார்கள். பார்ட்னருக்கு முகம் சுருங்கியது உண்மைதான், ஆனால் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக மெஷின் மாடல் எண்ணோடு பாகத்தின் பெயரைச் சேர்த்துத் தேடுகிறவர்களைப் பிடிப்போம் என்றார்கள். ஒவ்வொன்றிலும் ஆட்கள் கொஞ்சம்தான், ஆனால் வருகிறவர் கையில் உடைந்த பாகத்தோடு வருகிறார்.

லிங்க் விஷயத்திலும் அப்படியே. பழைய ஏஜென்சி கட்டுக்கட்டாக வாங்கிப் போட்ட பேக்லிங்குகளை (மற்ற தளங்களிலிருந்து எங்கள் தளத்துக்கு வரும் இணைப்புகள்) நினைத்து எனக்குப் பயம். தரவரிசைக்காக லிங்க் வாங்குவதும் விற்பதும் கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானது, 2012ல் வந்த பெங்குவின் அப்டேட் இதைக் குறிவைத்துத்தான் பல தளங்களைக் கீழே தள்ளியது. தண்டனை வந்தால் தளத்துக்குத்தான், லிங்க் வாங்கிக் கொடுத்த ஏஜென்சிக்கு ஒன்றும் ஆகாது. இவர்கள் சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்ஷன், அதாவது கூகுள் ஆட்களே பார்த்துப் போடும் தண்டனை, எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, அந்த லிங்குகளை நிராகரிக்கச் சொல்லும் டிஸவோ கருவி பெரும்பாலான தளங்களுக்குத் தேவைப்படாது, உங்களுக்கும் இப்போது வேண்டாம் என்றார்கள். என் பயத்தைப் பிடித்துக்கொண்டு 'லிங்க் சுத்தம்' என்று ஒரு பெரிய பில் போட்டிருக்கலாம், நானும் கேள்வி கேட்காமல் கொடுத்திருப்பேன். ஒரு ஏஜென்சியின் நேர்மையை, அவர்கள் போடாமல் விட்ட பில்லில் பார்த்தது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, குறைகள். மெயிலுக்குப் பதில் தாமதமாக வருகிறது, ரிப்போர்ட்டும் சொன்ன தேதியில் பெரும்பாலும் வருவதில்லை. அவர்கள் எழுதிக்கொடுத்த முதல் கட்டுரைகள் உயிரில்லாமல் இருந்தன, ஒரே சொற்றொடர் பத்திக்குப் பத்தி திரும்ப வந்தது. பிறகு எங்கள் மெக்கானிக்கிடம் பேசி எழுதச் சொன்னோம். வீட்டு மெஷின் ஊசியின் தலைப்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், இண்டஸ்ட்ரியல் மெஷினுக்கான டிபி×1 ஊசி முழு வட்டம், ஒன்றை மற்றொன்றில் போட முடியாது என்பது போன்ற விவரங்கள் அதற்குப் பிறகுதான் பக்கங்களில் வந்தன, படிக்கிற மாதிரியும் ஆயின. கோடிங் அவர்கள் செய்வதில்லை. அவர்கள் சொல்கிற மாற்றங்களை நம் டெவலப்பர்தான் செய்யவேண்டும் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். டெவலப்பர் இல்லாதவர்களுக்கு இந்தச் சேவை பாதிதான் பயன்படும்.

இன்னொரு குறை கொஞ்சம் பெரியது. ரேங்க் உறுதி தர மாட்டோம் என்று சொன்னவர்கள், ஆரம்பத்தில் வேலைக்கும் எந்த உறுதியும் தரவில்லை. முடிவு கூகுள் கையில், சரி. ஆனால் இந்த மாதம் எத்தனை பக்கங்களைத் திருத்துவீர்கள், எதை முதலில் எடுப்பீர்கள், யார் செய்வார்கள் என்பது முழுக்க ஏஜென்சி கையில் இருப்பது, அதை எழுதித் தரத் தயங்குவதில் நியாயம் இல்லை. 'எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது' என்பதை ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கான சாக்காக வைத்துக்கொள்கிற ஆட்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், அவர்களையும் ரேங்க் விற்கிறவர்களையும் நான் ஒரே வரிசையில்தான் வைப்பேன். நாங்கள் வற்புறுத்திக் கேட்ட பிறகு மாத வேலைப் பட்டியல் தரத் தொடங்கினார்கள், இப்போது அது ஒப்பந்தத்தின் பகுதி.

ஊசி மாதிரியான விளக்கப் பக்கங்கள் இப்போது நிறையத் தேடல்களில் தெரிகின்றன, ஆனால் கிளிக் அந்த அளவுக்கு இல்லை. 2024க்குப் பிறகு கூகுள் பல கேள்விகளுக்கு ஏ.ஐ. சுருக்கத்தைத் தேடல் பக்கத்திலேயே காட்டிவிடுகிறது, படித்துவிட்டு ஆட்கள் போய்விடுகிறார்கள். இம்ப்ரெஷன், அதாவது தேடலில் தெரிந்த தடவைகள், ஏறியதை மட்டும் பெரிதாகப் போட்டு ரிப்போர்ட்டை முடித்திருக்கலாம். அவர்கள் விளக்கப் பக்கங்களைக் குறைத்து மாடல் எண் பக்கங்களுக்கு நேரத்தை மாற்றலாமா என்று கேட்டார்கள், சரி என்றோம். ஒப்பந்தத்தைப் புதுப்பித்தாயிற்று, ரிப்போர்ட் வரவேண்டிய தேதியையும் இந்த முறை எழுத்தில் சேர்த்திருக்கிறோம். இந்த மாதப் பட்டியலில் பாபின் கேஸ் பக்கங்கள் இருக்கின்றன, எங்கள் டெவலப்பரின் நேரமும் ஒதுக்கியாகிவிட்டது.